கோராவில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதி: மூன்று தலைமுறை, ஒரே ஒரு இரவு

பெரியவர்கள் மூன்று பேர், எட்டு வயது மகன், நான்கு வயது மகள். ஒரு சனிக்கிழமை இரவு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 2,11,650 யென். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பதிவு செய்வதற்கு முன் மூன்று வாரம் நான் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிற நீங்களும் முதலில் தேடுவது இதுவாகத்தான் இருக்கும்.

ரியோகான் எனப்படும் ஜப்பானியப் பாரம்பரிய விடுதிகளில் வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. எங்கள் விடுதியில் பெரியவர் ஒருவருக்கு 52,800 யென். பெரியவர்களுக்கு வைப்பதைப் போன்ற சாப்பாடும் படுக்கையும் வேண்டும் என்றால் குழந்தைக்கு அதில் 70 சதவீதம், குழந்தைகள் தட்டு போதும் என்றால் 50, படுக்கை மட்டும் என்றால் 30. மகனுக்கு 70 சதவீதக் கணக்கில் 36,960. மகளுக்குப் படுக்கை மட்டும், 15,840. இது போக ஒன்சென் (வெந்நீர் ஊற்று) வரி பெரியவர் ஒருவருக்கு 150 யென், கிளம்பும்போது தனியாகக் கொடுக்க வேண்டும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. யாருக்கும் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

விடுதியின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அது பதினோரு அறைகளே உள்ள சின்ன இடம். ஆனால் ஹகோனே மலைப்பகுதியில் இருக்கும் கோராவில் இதே விலையில் இதே மாதிரி விடுதிகள் நிறைய இருக்கின்றன. நான் எழுதுவதில் பாதிக்கு மேல் அங்கெல்லாம் பொருந்தும்.

நாங்கள் தோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கிறோம். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. முட்டி வலி, லேசான வீசிங். பிறந்ததிலிருந்து சைவம், முட்டை கூடக் கிடையாது. கோயில் குளத்தில் புடவையோடு முழுகி எழுந்து பழகியவர். அவரை ஒன்சென்னுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா வரமாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. பொதுக் குளியலறையில் ஆண்களும் பெண்களும் தனித்தனி என்றாலும், உள்ளே எல்லோரும் துணியில்லாமல்தான் குளிக்க வேண்டும். நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. கையிலிருக்கும் சின்னத் துண்டைக்கூடத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றார்.

அதனால்தான் அறையிலேயே திறந்தவெளித் தொட்டி உள்ள விடுதியாகத் தேடினேன். ஜப்பானியத்தில் ரோதென்புரோ-த்ஸுகி கியாகுஷித்ஸு என்று தேடினால் வரும். அதே விடுதியில் தொட்டி இல்லாத அறை தலைக்கு 36,000 யென்தான். வித்தியாசம் பெரியது. நான் தயங்கிய மூன்று வாரமும் இந்த வித்தியாசத்துக்காகத்தான். போய்விட்டு வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் என்று நம் வீட்டு மனிதர்களோடு போகிறவர்கள் செலவழிக்க வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான். சாப்பாட்டில் ஒரு படி இறங்கலாம். அறையின் பரப்பில் இறங்கலாம். தொட்டி விஷயத்தில் மட்டும் இறங்கி வராதீர்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. பொதுக் குளியலறைகளில் ஆண் குழந்தை அம்மாவோடு பெண்கள் பக்கம் வருவதற்கு வயது வரம்பு உண்டு. சுமார் பத்து வயது என்று இருந்ததை 2020இல் சுகாதார அமைச்சகம் தன் வழிகாட்டுதலில் சுமார் ஏழு என்று குறைத்தது. எட்டு வயது மகன் அப்பாவோடு போகலாம், சரி. ஆனால் குடும்பமாகப் போய்விட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து குளித்துத் திரும்புவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அறைத் தொட்டியில் அந்தப் பிரச்சினையே இல்லை.

முன்பதிவின்போது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அறைத் தொட்டிக்கு வருவது ஊற்று நீரா, சூடாக்கிய குழாய்த் தண்ணீரா? பல இடங்களில் பொதுக் குளியலறைக்கு மட்டும்தான் ஊற்று நீர் வரும், அறைத் தொட்டியில் சாதாரண வெந்நீர்தான். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். "கென்சென் காகேநகாஷி" என்று போட்டிருந்தால் ஊற்று நீர், பயன்படுத்தியதை மறுபடி சுழற்றி விடாமல், புதிதாக வந்து நிரம்பி வழிந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். ஜப்பானில் இதற்கெல்லாம் 1948இலிருந்தே ஒன்சென் சட்டம் இருக்கிறது. நிலத்திலிருந்து வரும்போது 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது சட்டம் சொல்லும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு கலந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்சென் என்ற பெயர். குளியலிடத்தில் நீரின் பகுப்பாய்வை எழுதி மாட்ட வேண்டும். தண்ணீர் சேர்க்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுழற்சி உண்டா, கிருமிநாசினி போடுகிறார்களா என்பதையும் அங்கே எழுத வேண்டும். எங்கள் அறைத் தொட்டி பற்றி மின்னஞ்சலில் கேட்டேன். மறுநாளே, ஊற்று நீர்தான், சூடு அதிகம் என்பதால் கொஞ்சம் தண்ணீர் கலக்கிறோம் என்று ஒளிக்காமல் பதில் வந்தது. அந்தப் பதிலைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். ஜப்பானில் அது மழைக்காலம். ஃபுஜி மலை தெரியாது என்று தெரிந்தேதான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தோம், ஹைட்ரேஞ்சியா பூக்கும் நேரம் என்பதால். ஷின்ஜுகுவிலிருந்து ஹகோனே-யுமோதோவுக்கு ஒடாக்யூ ரொமான்ஸ்கார் ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். எங்களுக்கு வந்தது 2018இல் ஓடத் தொடங்கிய சிவப்பு நிற ஜிஎஸ்இ வண்டி. ஓட்டுநர் மாடியில் உட்காருவதால் முன்னால் முழுக் கண்ணாடி, தண்டவாளம் நம்மை நோக்கி ஓடி வரும். அந்த முன் இருக்கைகள் ஒரு மாதத்துக்கு முன் காலை பத்து மணிக்கு விற்பனைக்கு வந்தவுடன் தீர்ந்துவிடும். என் கணவர் பத்து மணிக்குக் கைப்பேசியோடு தயாராக உட்கார்ந்திருந்தும் இரண்டாவது வரிசைதான் கிடைத்தது. மகனுக்கு அதுவே போதுமாக இருந்தது. கையில் பிள்ளைகளுக்கான பாஸ்மோ பயண அட்டை இருந்தால் ஒடாக்யூவில் அவர்களுக்கு எவ்வளவு தூரமானாலும் அடிப்படைக் கட்டணம் 50 யென்தான், விரைவு வண்டிக்கான கட்டணம் மட்டும் தனி. 2022இல் வந்த ஏற்பாடு அது. தெரியாமல் காகிதச் சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

யுமோதோ நிலையத்தில் பெட்டிகளை விடுதிக்கு அனுப்பும் சேவை இருக்கிறது. மதியத்துக்குள் கொடுத்துவிட்டால் மூன்று மணிக்கு மேல் விடுதியில் இருக்கும். அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள எங்களுக்கு ஒரு கை மிச்சமானது. அதற்காகவே அந்தச் சேவைக்கு முழு மதிப்பெண்.

அங்கிருந்து கோராவுக்கு மலை ரயில். 8.9 கிலோமீட்டர்தான், ஆனால் நாற்பது நிமிடம் ஆகும். பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் அளவுக்குச் செங்குத்தான பாதை. நேராக ஏற முடியாத மூன்று இடங்களில் வண்டி நின்று, திசை மாறி, பின்பக்கமாக ஏறும். ஒவ்வொரு முறையும் ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கி நடைமேடையில் எதிரெதிராக நடந்து இடம் மாற்றிக்கொள்வார்கள். மூன்றாவது முறை அவர்கள் ஜன்னலைக் கடந்தபோது என் மகன் எழுந்து நின்று வணங்கினான். நடத்துநரும் தொப்பியைத் தொட்டுப் பதில் வணக்கம் வைத்தார். பாதையின் இருபுறமும் நீலமும் ஊதாவுமாக ஹைட்ரேஞ்சியா, சில இடங்களில் கண்ணாடியை உரசும் அளவுக்குப் பக்கத்தில். அத்தை ஜன்னலில் கையை ஒட்டி வைத்தபடியே வந்தார். 2019 அக்டோபர் புயலில் இந்தப் பாதை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது, சரிசெய்து மறுபடி ஓடத் தொடங்க 2020 ஜூலை ஆகிவிட்டது. அந்த மலைச்சரிவைப் பார்த்தபோது, ஒன்பது மாதத்தில் எப்படிக் கட்டி முடித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி விடுதி. மூன்று மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். மொத்தம் பத்தொன்பது மணி நேரம். நாம் பணம் கொடுப்பது இந்தப் பத்தொன்பது மணி நேரத்துக்கு. என் தோழிகள் பலர் ஹகோனே போனால் கப்பல், ரோப்வே, கோயில், அருங்காட்சியகம் எல்லாம் முடித்துவிட்டு ஆறு மணிக்குக் களைத்துப் போய் விடுதிக்கு வருவார்கள். அப்படிப் போகிறவர்களுக்குச் சாதாரண ஹோட்டலே போதும். நாங்கள் 2:50க்கு வாசலில் நின்றோம்.

வாசலில் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறைக்கு வந்ததும் நகாய்-சான், அதாவது நம் அறையைக் கவனிக்கும் பெண்மணி, பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வைத்தார். இந்த இனிப்பு வெறும் உபசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றும் என்பதற்காக வைப்பது என்று அவர் விளக்கினார். உள்ளே சிவப்புப் பயறு பூரணம். அத்தைக்கு நம்ம ஊர்ப் பூரணம் மாதிரியே இருக்கிறது என்று ஒரே ஆச்சரியம், என்னுடையதையும் கொடுத்துவிட்டேன்.

அறை, தத்தாமி என்ற பாய் விரித்த கூடமும் அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டிலும் சேர்ந்தது. இதை வாயோஷித்ஸு என்பார்கள். முட்டி வலி உள்ளவர் யாராவது உங்களோடு வந்தால் இந்த மாதிரி அறையாகவே கேளுங்கள். தரையில் விரிக்கும் ஃபுத்தோன் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் எழுந்திருக்கும்போது வலி தெரியும். சாப்பாட்டுக்கும் தாழ்வான மேசைக்குப் பதில் நாற்காலி மேசை வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன், போட்டு வைத்திருந்தார்கள்.

தொட்டி வெளியே, மேலே மரக் கூரை, எதிரே மேப்பிள் மரங்கள். ஹினோகி மரத்தால் செய்தது, மூன்று பேர் உட்காரலாம். தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக விழுந்து, நிரம்பி, ஓரமாக வழிந்துகொண்டே இருந்தது. ஒவாகுதானி என்ற கந்தகப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் நீர் அது. மேலே பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியோடு மலைத் தண்ணீரைச் சேர்த்துச் செய்து குழாயில் அனுப்புகிறார்கள். தண்ணீர், அரிசி களைந்த நீர் போல வெள்ளையாக இருந்தது. கந்தக வாடை தீப்பெட்டி உரசிய மாதிரி முதலில் மூக்கில் ஏறும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போனவுடன் நாற்பத்திரண்டு டிகிரி இருந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு அது ரொம்ப அதிகம், மகள் கால் வைத்தவுடன் அழுதாள். நகாய்-சானிடம் சொன்னதும் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்துகொள்ளலாம் என்று காட்டித் தந்தார். அரை மணி நேரத்தில் முப்பத்தொன்பதுக்கு வந்தது. அதை அவர் முதலிலேயே காட்டியிருக்கலாம். அப்புறம் மகள் வெளியே வர மறுத்துவிட்டாள். அவளைப் பத்துப் பத்து நிமிடமாகத்தான் இருக்கவிட்டேன். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் முகத்தைக் கழுவவிடவில்லை, வெளியே வந்தபின் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டேன்.

மழை நாலரை மணிக்குப் பிடித்தது. கூரையின் விளிம்பிலிருந்து கம்பி கம்பியாக வழிந்தது. கழுத்து வரை வெந்நீர், முகத்தில் மட்டும் குளிர்ந்த சாரல். நான், மகள், மகன் மூவரும் தண்ணீருக்குள் உட்கார்ந்து, எந்த இலையிலிருந்து அடுத்த சொட்டு விழும் என்று பந்தயம் கட்டினோம். என் கணவர் நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்திருந்தார். அலுவலகக் கைப்பேசியை அவர் அன்று மாலை எடுக்கவே இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகிறது, அப்படி ஒரு மாலை எனக்கு நினைவில்லை.

இரவு என் கணவரும் மகனும் பொதுக் குளியலறையையும் பார்த்துவிட்டு வந்தார்கள். நீலத் திரை ஆண்கள் பக்கம், சிவப்புத் திரை பெண்கள் பக்கம். காலையில் திரையை மாற்றிப் போட்டுவிடுவார்கள், இரு பக்கத்தையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று. ஆகவே காலையில் தூக்கக் கலக்கத்தில் நேற்றுப் போன கதவு என்று நுழைந்துவிடக் கூடாது. முதலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும் என்று மகனுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா அவனைப் பார்த்து "எராய்" என்று பாராட்டினாராம். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சாப்பாட்டில்தான் சங்கடம் வந்தது. ஜப்பானில் சைவம் என்பது இறைச்சி, மீன் வேண்டாம் என்று சொன்னால் முடிந்துவிடுகிற விஷயம் இல்லை. தாஷி என்ற அடிப்படைச் சாறு எல்லாவற்றிலும் இருக்கும்: மிசோ சூப்பில், வேகவைத்த காய்கறியில், தொட்டுக்கொள்ளும் சாற்றில். பெரும்பாலும் அது காய்ந்த கட்ஸுவோ மீனைச் சீவி எடுப்பது. கண்ணுக்கு மீன் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதியிருந்தேன், சரி என்று பதிலும் வந்திருந்தது. ஆனாலும் முதல் தட்டில் கத்தரிக்காய்மேல் ஊற்றியிருந்த சாற்றைப் பார்த்ததும் சந்தேகம் வந்து கேட்டேன். நகாய்-சான் சமையலறைக்குப் போய்விட்டு வந்து, கட்ஸுவோ தாஷிதான் என்று சொல்லித் தரையில் கைவைத்து மன்னிப்புக் கேட்டார். அத்தை அதைத் தொட்டிருக்கவில்லை. ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் சாப்பிட்டிருப்பார். என் நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. அறுபத்தெட்டு வருஷமாகக் காத்த ஒன்று என் கவனக்குறைவால் போயிருந்தால் நான் என்ன சொல்வேன்?

அவர்கள் அதைச் சரிசெய்த விதத்துக்கு என் முழு மரியாதை. தலைமைச் சமையல்காரரே அறை வாசலுக்கு வந்தார். மீதித் தட்டுகளை ஒவ்வொன்றாக எதில் என்ன இருக்கிறது என்று சொன்னார். இருபது நிமிடம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, கடற்பாசியான கொன்புவில் எடுத்த தாஷியில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து அனுப்பினார். சோயாப் பாலின் மேல் படியும் ஆடையை எடுத்துச் செய்யும் யுபா, கொன்பு போட்டுக் கொதித்த நீரில் மிதக்கும் தோஃபு, சேப்பங்கிழங்குபோல வழுவழுப்பான ஒரு கிழங்கு, மாவில் தோய்த்துப் பொரித்த மலைக் கீரை தெம்புரா. யுபா அத்தைக்கு மிகவும் பிடித்தது. "பாலாடை மாதிரியே இருக்கே" என்று இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கடைசியில் வெறும் சோறு. வழியில் கடையில் வாங்கிய இனிப்பில்லாத தயிரை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு எடுத்து வந்திருந்தேன். அத்தையும் மகளும் தயிர்ச் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள். நகாய்-சான் அதை ஆர்வமாகப் பார்த்து, எப்படிச் செய்வது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

உங்களுக்காக எழுதுகிறேன்: மின்னஞ்சலில் சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள். "கட்ஸுவோ தாஷி மோ தாமே தெஸ், கொன்பு தாஷி நாரா தைஜோபு தெஸ்" என்று எழுதுங்கள். கட்ஸுவோ சாறும் கூடாது, கொன்பு சாறானால் பரவாயில்லை என்று பொருள். முட்டை, ஜெலட்டின் இரண்டையும் தனியாகக் குறிப்பிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் தொலைபேசியிலும் ஒரு முறை கேளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

அசைவம் சாப்பிடும் என் கணவருக்குப் பல சின்னத் தட்டுகளாக வந்த கைசெகி விருந்தைப் பற்றி அவர் சொன்னது: எதுவும் அதிகம் இல்லை, எதுவும் மறக்கவில்லை. எட்டு வயதுப் பையனுக்குப் பெரியவர் சாப்பாடு போட்டது மட்டும் என் தப்பு. பாதி அப்படியே மிஞ்சியது. அவனுக்கு 50 சதவீதத் தட்டே போதும். 10,560 யென் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது, மரங்களுக்கு நடுவே பனிமூட்டம். "யாரும் பார்க்க மாட்டாங்கல்ல?" என்றார். இல்லை அத்தை என்றேன். முதலில் ஒரு குவளை தண்ணீர் குடிக்கச் சொன்னேன். மேலுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழக்கிக்கொண்டு இறங்குங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றேன். கையைப் பிடித்துத் தொட்டி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரையை இழுத்துவிட்டு உள்ளே தத்தாமியில் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் வழியும் சத்தம் ஒரு முறை பெரிதாகக் கேட்டது. இறங்கிவிட்டார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் மெதுவாகப் பாட ஆரம்பித்தார். வீட்டில் விளக்கேற்றும்போது பாடுகிற பாட்டுதான். பத்து நிமிடம் ஆனதும் குரல் கொடுத்தேன், "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றார். வெளியே வந்தபோது முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. யுகாத்தா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலாக வருமாறு மடித்துக் கட்டிவிட்டேன், வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை. கட்டிக்கொண்டே, "முட்டி லேசா இருக்கு" என்றார். வலி போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன், அன்று மதியம் படியேறும்போது திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலை வேளையில் அவர் தத்தாமியில் கையூன்றாமல் எழுந்து நின்றதை நான் பார்த்தேன்.

குறைகள். தொட்டிக்குப் போகும் இரண்டு கல் படியில் கைப்பிடி இல்லை. மழையில் அது வழுக்குகிறது. பெரியவர்களைத் தனியாக விடவே கூடாது. விடுதி வாசலிலிருந்து வரவேற்பறைக்குப் பதினான்கு படிகள், மின்தூக்கி அதற்கு மேலேதான் தொடங்குகிறது. முன்பதிவுப் பக்கத்தில் இது எழுதப்படவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு ஏழரை, எட்டு என்று இரண்டே நேரங்கள். எட்டு மணிக்குச் சாப்பிட்டு எழுந்தால் பத்து மணிக்குள் இன்னொரு குளியலுக்கு அவசரப்பட வேண்டியிருக்கிறது. இந்த விலைக்குப் பதினொரு மணி வரை இருக்க விடலாம்.

வெள்ளி நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும். மகளின் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டேன். நகாய்-சான் எச்சரித்தும் அத்தை மெட்டியைக் கழற்றவில்லை, அது கழற்றுகிற நகை இல்லை. காலையில் பார்த்தால் அது இரும்பு மாதிரி கறுத்திருந்தது. தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து திருநீறு போட்டு நன்றாகத் தேய்த்ததும் வெள்ளை திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரோப்வே ஏறவில்லை. ஒவாகுதானியில் எரிமலை வாயு வருவதால் ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் போக வேண்டாம் என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள். அத்தைக்கு வீசிங் இருக்கிறது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோராவுக்கு முந்தைய நிலையத்தில் 1969இல் திறந்த திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் பின்னல் வலைக் கூடத்துக்குள் ஒரு மணி நேரம் தொங்கினார்கள். நானும் அத்தையும் அங்கிருந்த கால் குளியல் வாய்க்காலில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதற்குப் புடவையை ஒரு சாண் தூக்கினால் போதும். அத்தை பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பாட்டிக்குக் கைப்பையிலிருந்து வேர்க்கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி: ஞாயிறு இரவு போங்கள். அதே அறை, அதே சாப்பாடு, தலைக்கு 39,600 யென் என்று இருந்தது. பள்ளியில் சனிக்கிழமை விளையாட்டு விழா நடந்தால் திங்கட்கிழமை மாற்று விடுமுறை விடுவார்கள், அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து விதியையும் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஏழு நாள் முன் வரை இலவசம், முந்தின நாள் என்றால் பாதி, அன்றே என்றால் முழுத் தொகை. சின்னக் குழந்தைகளுக்கு எந்த நேரம் காய்ச்சல் வரும் என்று தெரியாது.

திரும்பி வந்த வாரம் விடுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தாஷி விஷயம், பதினான்கு படி, கைப்பிடி எல்லாவற்றையும் எழுதினேன், விடியற்காலைப் பாட்டையும் எழுதினேன். பத்து நாளில் கையால் எழுதிய பதில் வந்தது. முன்பதிவுப் பக்கத்தில் படிகளைக் குறிப்பிட்டுவிட்டார்கள், நானும் போய்ப் பார்த்தேன், இருக்கிறது. தொட்டிப் படிக்கு மரக் கைப்பிடி போட ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறாராம். அத்தை ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறார். அதற்கு முன் ஒரு ஞாயிறு இரவுக்கு அதே அறையைப் பதிவு செய்திருக்கிறேன், மகனுக்கு இந்த முறை குழந்தைகள் தட்டு.